பத்து ஏகபோகங்களைக் கூட்டினால் போட்டிச் சந்தை வருமா?

ஒரு நாட்டின் உற்பத்தித் துறை நாலைந்து பெரிய குழுமங்களின் கைக்குப் போய்விட்டது என்று ஒருவர் எழுதுகிறார். அதெல்லாம் இல்லை, முன்பைவிட இப்போதுதான் போட்டி அதிகம் என்று இன்னொருவர் எழுதுகிறார். இருவரும் எண்களைக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை, ஒரே அரசுத் தரவிலிருந்துகூட இரண்டு பேரும் எடுத்திருப்பார்கள். இந்தத் தரவுகளோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்குப் பழக்கம் என்பதால், ஒரு தொழில் எவ்வளவு தூரம் சில நிறுவனங்களின் கையில் குவிந்திருக்கிறது என்று சொல்லும் தொழில் செறிவு என்ற அந்த எண் எங்கே எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் அதைத் திருகினால் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒரு முறை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சூத்திரத்தைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். சண்டை எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

சூத்திரத்தை முதலில் முடித்துவிடுவோம்.

மிகப் பழையதும் எளியதும் செறிவு விகிதம். ஒரு தொழிலில் மிகப் பெரிய நான்கு நிறுவனங்களை எடுத்து, மொத்த விற்பனையில் அவற்றின் பங்கு எத்தனை சதவீதம் என்று கூட்டிச் சொல்வது. அமெரிக்காவில் 1930களில், பெருமந்தத்துக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் மீது சந்தேகம் வலுத்திருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டின் உற்பத்திக் கணக்கெடுப்பை வைத்து இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். ஏன் நான்கு, ஏன் இரண்டோ ஒன்றோ இல்லை? பொருளாதாரக் கோட்பாடு எதுவும் நான்கைச் சொல்லவில்லை. கணக்கெடுப்பில் நிறுவனங்கள் தரும் விவரத்தை ரகசியமாக வைக்கச் சட்டம் சொல்கிறது. முதல் இரண்டு நிறுவனங்களின் கூட்டுத்தொகையை வெளியிட்டால், அதில் ஒரு நிறுவனம் தன் எண்ணைக் கழித்துவிட்டு எதிராளியின் எண்ணைத் தெரிந்துகொள்ளும். நான்கு என்றால் அந்தக் கழித்தல் அவ்வளவு சுலபமில்லை. அதே 1935ஆம் ஆண்டுக்கான தங்கள் கணக்கெடுப்பிலிருந்து பிரிட்டனில் மூன்று பெரிய நிறுவனங்களின் பங்கைக் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 1964இல் அமைந்த ஏகபோக விசாரணை ஆணையமும் பொருள் வாரியாக முதல் மூன்று உற்பத்தியாளர்களைத்தான் பார்த்தது: மூவரின் பங்கு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதிகச் செறிவு என்று வகைப்படுத்தியது. இப்படி ஊருக்கு ஒரு எண். ஆகவே ஒரு நாட்டின் 'முதல் மூன்று' விகிதத்தையும் இன்னொரு நாட்டின் 'முதல் நான்கு' விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருந்தால், அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

செறிவு விகிதத்தின் குறை உடனே தெரியும். ஒரு தொழிலில் நான்கு நிறுவனங்களுக்குத் தலா 20 சதவீதம், மீதி 20 சதவீதத்தை இருபது சின்ன நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொரு தொழிலில் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் 65, அடுத்த மூன்றுக்குத் தலா 5, மீதி அதே இருபது சின்ன நிறுவனங்கள். இரண்டிலும் விகிதம் 80தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் தொழில்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்குத்தான் ஹெர்ஃபிண்டால்–ஹிர்ஷ்மன் குறியீடு, சுருக்கமாக எச்.எச்.ஐ. ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவது, அவ்வளவுதான். மேலே சொன்ன முதல் தொழிலில் 1,620 வரும், இரண்டாவதில் 4,320. ஒரே நிறுவனம் மட்டும் இருந்தால் 10,000. இந்த எண்ணைப் படிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: 10,000ஐ அதனால் வகுத்துவிடுங்கள். முதல் தொழிலுக்கு ஏறத்தாழ 6 வரும், இரண்டாவதற்கு 2.3. அதாவது முதலாவது, சம அளவுள்ள ஆறு நிறுவனங்கள் இருக்கும் சந்தை போல. இரண்டாவது, நிறுவனங்கள் இருபத்து நான்கு இருந்தும், இரண்டே கால் நிறுவனம் இருக்கும் சந்தை போல. வாசகருக்கு 4,320 என்று சொல்வதைவிட இப்படிச் சொல்வது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி, ஆனால் அறிக்கைகளில் இதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

இந்தக் குறியீட்டின் பெயரில் ஒரு சின்னத் தகராறும் உண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945இல் வெளிநாட்டு வர்த்தகத்தைப் பற்றி எழுதியபோது, ஒரு நாட்டின் வணிகம் எத்தனை நாடுகளோடு பரவியிருக்கிறது என்று அளக்க இதை உருவாக்கினார். கடைசியில் வர்க்கமூலம் எடுத்தார். ஆரிஸ் ஹெர்ஃபிண்டால் 1950இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க எஃகுத் தொழிலைப் பற்றிய முனைவர் ஆய்வில், வர்க்கமூலம் எடுக்காமல் இதைப் பயன்படுத்தினார். ஹிர்ஷ்மனை அடிக்குறிப்பில் குறிப்பிட்டும் இருந்தார். உலகம் ஹெர்ஃபிண்டால் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1964இல் ஹிர்ஷ்மன் ஓர் ஆய்விதழில், குழந்தைக்கு அப்பன் நான்தான் என்கிற பாணியில் ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டியதாகிவிட்டது. வர்த்தகத்துக்காகப் பிறந்த ஒன்று தொழிற்சாலைகளுக்கு வந்த கதை இது.

அமெரிக்க நீதித் துறை, நிறுவன இணைப்புகளை மதிப்பிட 1968இல் நான்கு நிறுவன விகிதத்தைத்தான் பயன்படுத்தியது. 1982இல் எச்.எச்.ஐக்கு மாறியது: 1,000க்குக் கீழே செறிவில்லை, 1,800க்கு மேலே அதிகச் செறிவு. 2010இல் இந்த எல்லைகளை 1,500, 2,500 என்று உயர்த்தினார்கள். 2023இல் மறுபடி 1,000, 1,800க்கே கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஆணையத்தின் 2004 வழிகாட்டி 1,000, 2,000 என்ற கோடுகளைப் போட்டிருக்கிறது. எச்.எச்.ஐ 2,000 என்று ஒரு தொழில் அசையாமல் நின்றிருந்தால், அமெரிக்கக் கோடுகளின்படி அது 2009இல் அதிகச் செறிவு, 2011இல் நடுத்தரம், 2024இல் மறுபடி அதிகச் செறிவு. தொழிலில் எதுவும் நடக்கவில்லை, கோடுதான் நகர்ந்தது.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். நான்கு நிறுவன விகிதம் மட்டும்தான் கையில் இருக்கிறது, அதிலிருந்து எச்.எச்.ஐயை ஊகித்துவிடலாமா என்று பலர் முயல்வார்கள். விகிதம் 60 என்று வையுங்கள். நால்வரும் சமம், மீதிப் பேர் துகள் துகள் என்றால் எச்.எச்.ஐ ஏறத்தாழ 900. ஒருவரே கிட்டத்தட்ட 60ஐ வைத்திருக்கிறார் என்றால் 3,600. ஒரே விகிதம், எல்லாக் கோடுகளுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஆனால் அந்த நால்வரின் தனித்தனிப் பங்குகள் தெரிந்துவிட்டால் கதை மாறிவிடும். 25, 15, 12, 8 என்று வையுங்கள்: இவற்றின் வர்க்கங்கள் மட்டும் 1,058. மீதி 40 சதவீதத்தில் யாரும் 8ஐத் தாண்ட முடியாது என்பதால் அங்கிருந்து அதிகபட்சம் 320தான் வரும். விடை 1,058க்கும் 1,378க்கும் நடுவில். சின்ன நிறுவனங்களின் விவரம் கிடைக்கவில்லையே என்று புலம்புவோருக்கு இது ஆறுதல்: வர்க்கம் சின்னதை மேலும் சின்னதாக்கிவிடும், வால் பகுதி பெரிதாகக் கெடுக்காது.

கினி கெழுவைப் பற்றி ஒரு வரி. வருமான ஏற்றத்தாழ்வுக்குப் பழக்கமானது என்பதால் அதைத் தொழிலுக்கும் தூக்கிக்கொண்டு வருவார்கள். சம அளவில் இரண்டே நிறுவனங்கள் இருந்தால் கினி பூஜ்யம் காட்டும், அதாவது ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்லும், சந்தை முழுவதும் இருவர் கையில் இருந்தும். போதுமா?

சரி, சூத்திரம் முடிந்தது. இனி வகுக்கும் எண்.

பங்கு என்றால் எதில் பங்கு? 'தொழில்' என்று எதை அழைக்கிறோம்? புள்ளிவிவரத் துறைகள் தொழில்களை இலக்கக் குறியீடுகளால் வகைப்படுத்துகின்றன. இலக்கம் குறைந்தால் வகை அகலம். பத்து பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உற்பத்தியாளர், எல்லாம் சம அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளிலும் எச்.எச்.ஐ 10,000, முழு ஏகபோகம். இந்தப் பத்தையும் ஒரே குறியீட்டின் கீழ் போட்டால் ஒவ்வொருவருக்கும் 10 சதவீதம், எச்.எச்.ஐ 1,000. பன்னிரண்டு ஏகபோகங்களைச் சேர்த்தால் 833, அமெரிக்க எல்லைப்படி செறிவே இல்லாத, ஆரோக்கியமான தொழில்! இரண்டு இலக்க அளவில் ஒரு நாட்டின் உற்பத்தித் துறைக்குச் செறிவு அட்டவணை போட்டு, பாருங்கள் எல்லாமே 1,000க்குக் கீழே என்று முடிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பன்னிரண்டு ஏகபோகங்கள்தான் ஞாபகம் வரும்.

அப்படியென்றால் முடிந்தவரை நுணுக்கமாக, ஐந்து இலக்கம் ஆறு இலக்கம் என்று போனால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. வகைப்பாடுகள் பெரும்பாலும் உற்பத்தி முறையை வைத்துப் பிரிப்பவை. கண்ணாடிப் புட்டி ஒரு தொழில், பிளாஸ்டிக் புட்டி வேறு தொழில், அலுமினிய டப்பா இன்னொன்று. பானம் தயாரிப்பவருக்கு இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று. இவரைப் பொறுத்தவரை சந்தை அகலம், குறியீடு குறுகல். மறுபக்கம் மருந்தைப் பாருங்கள். சர்வதேச வகைப்பாட்டில் நான்கு இலக்கத்திலும் மருந்து உற்பத்தி முழுவதும் ஒரே வகை. இரத்த அழுத்த மாத்திரை விலை ஏறிவிட்டது என்று யாரும் நுண்ணுயிர்க்கொல்லிக்கு மாற மாட்டார்கள். இவர்களைப் பொறுத்தவரை சந்தை மிகக் குறுகல், குறியீடு பிரம்மாண்டம். ஆக ஒரே அட்டவணையில் ஒரு வரியில் செறிவு மிகைப்படுகிறது, அடுத்த வரியில் குறைபடுகிறது, இரண்டும் ஒரே சராசரிக்குள் போகின்றன.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு பட்ட பாடு இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் இல்லை. அமெரிக்காவில் அலுமினியம் தயாரிக்கும் அல்கோவா நிறுவனத்தின் வழக்கில் 1945இல் தீர்ப்பு எழுதிய லேர்னட் ஹேண்ட் முன்னால் மூன்று எண்கள் இருந்தன. புதிதாக உருக்கிய அலுமினியத்தை மட்டும், நிறுவனம் தானே பயன்படுத்திக்கொண்டதையும் சேர்த்து எண்ணினால் பங்கு 90 சதவீதம். பழைய உலோகத்தை மறுபடி உருக்கியதையும் சந்தைக்குள் சேர்த்தால் 64. அதோடு நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டையும் கழித்துவிட்டால் 33. தொண்ணூறு என்றால் ஏகபோகம், அறுபத்து நான்கு என்றால் சந்தேகம், முப்பத்து மூன்று என்றால் நிச்சயம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் 90ஐ எடுத்துக்கொண்டார். அவருடைய வாதம் சுவையானது: இன்று பழைய உலோகமாகத் திரும்பி வருவதும் நேற்று அதே நிறுவனம் உருக்கியதுதானே, எதிர்காலத்தில் திரும்பி வரும் என்று தெரிந்தே அது உற்பத்தியைத் தீர்மானிக்க முடியுமே என்றார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து டூபாண்ட் வழக்கு. அமெரிக்காவில் விற்ற செல்லோஃபேனில், அதாவது ஒளி ஊடுருவும் உறைத் தாளில், ஏறத்தாழ 75 சதவீதத்தை டூபாண்ட் நிறுவனம் தயாரித்தது. ஆனால் மெழுகுத் தாள், அலுமினியத் தாள் என்று வளையும் உறைப் பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் செல்லோஃபேனின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே. 1956இல் உச்ச நீதிமன்றம் அகலமான சந்தையை ஏற்றது, டூபாண்ட் ஜெயித்தது. இதில் இருக்கும் ஓட்டையைப் பொருளாதாரக்காரர்கள் பிறகு 'செல்லோஃபேன் பிழை' என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். ஏகபோக நிறுவனம் விலையை ஏற்றிக்கொண்டே போகும், வாங்குபவர்கள் வேறு பொருளுக்கு ஓட ஆரம்பிக்கும் புள்ளி வரை. அந்தப் புள்ளியில் போய் நின்றுகொண்டு, பாருங்கள் இவர்களுக்கு மாற்றுப் பொருள் இருக்கிறது, ஆகவே ஏகபோகம் இல்லை என்றால் எப்படி? மாற்றை நோக்கித் துரத்தியதே அந்த விலைதான். எந்த விலையில் நின்று பார்க்கிறோம் என்பதும் வகுக்கும் எண்ணைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் கொஞ்சம் கிறுகிறுக்க வைக்கிற விஷயம்.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருக்கும் எண்ணும் அப்பாவி இல்லை. யாருடைய பங்கை வர்க்கப்படுத்துகிறோம்?

பல நாடுகளின் வருடாந்தரத் தொழில் கணக்கெடுப்பு தொழிற்சாலையைத்தான் அலகாக எடுக்கிறது. இந்தியாவின் வருடாந்தரத் தொழில் ஆய்வும் அப்படித்தான்: சட்டப்படி பதிவான ஆலைகள்தான் அதன் கணக்கில் வரும், வெளியிடும் தரவில் யாருடைய ஆலை என்ற பெயர் இருக்காது. ஒரே நிறுவனத்துக்கு மூன்று மாநிலங்களில் மூன்று ஆலை, தலா 10 சதவீதம் என்றால் தரவில் அது மூன்று அந்நியர்கள். வர்க்கங்களின் கூட்டு 300. நிறுவனமாகப் பார்த்தால் 30இன் வர்க்கம், 900. மூன்று மடங்கு வித்தியாசம். சரி, நிறுவனங்களின் ஆண்டறிக்கைத் தரவுக்குப் போகலாம் என்றால், அங்கே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள்தான் நிறைய இருக்கும். சின்னவை விடுபடும்போது வகுக்கும் எண் சுருங்கிப் பங்குகள் ஊதிவிடும். ஒன்று கீழே இழுக்கிறது, ஒன்று மேலே. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பேரின் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும், அவரவர் எந்தத் தரவை எடுத்தார் என்று கேட்டால்.

மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் இன்னொரு குழி. சின்ன ஆலைகளில் ஐந்துக்கு ஒன்றைத்தான் விசாரித்திருப்பார்கள், அதற்கு ஐந்து என்ற எடை இருக்கும். அந்த ஆலையின் பங்கை ஐந்தால் பெருக்கி அப்புறம் வர்க்கப்படுத்தினால், ஐந்து சின்ன ஆலைகள் ஒரு நடுத்தர ஆலையாக உருமாறிவிடும். முதலில் வர்க்கப்படுத்தி, பிறகுதான் ஐந்தால் பெருக்க வேண்டும். கணினியில் ஒரு வரியை முன்னே பின்னே போடுவதுதான் வித்தியாசம், எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது.

நிறுவனத்துக்கு மேலே குழுமம். தென் கொரியாவில் 1998இல் கியாவை ஹூண்டாய் வாங்கியது. இரண்டும் தனித்தனிப் பெயரில்தான் கார் விற்கின்றன, சட்டப்படி இரண்டு நிறுவனங்கள். செறிவை அளப்பவர் ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா? 'ஒரே கட்டுப்பாட்டில் இருந்தால் ஒன்று' என்று விடை சொல்வது சுலபம், ஆனால் கட்டுப்பாடு என்பது 51 சதவீதப் பங்கா, 30 சதவீதமும் நாலு இயக்குநர்களுமா, சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று வைத்திருக்கும் துணை நிறுவனங்களா என்று இறங்கினால் அது கணக்கு வேலையாக இருக்காது, துப்பறியும் வேலையாகிவிடும். இதில் பேர்பாதி உழைப்பு போகும், வெளியாகும் கட்டுரையில் இதற்கு ஒரு பத்திதான் இருக்கும்.

தலைகீழான சிக்கலும் உண்டு. சொந்த ஆலையே இல்லாத உற்பத்தியாளர்கள். ஆப்பிள் வடிவமைக்கிறது, ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்தக்காரர்கள் பொருத்துகிறார்கள். கணக்கெடுப்பில் ஆலை யாருடையதோ அவர்தான் உற்பத்தியாளர்; ஆலையில்லாதவர் பல நாடுகளில் மொத்த வணிகத்தில் போய் விழுவார். விலையை நிர்ணயிப்பவர் அட்டவணைக்கு வெளியே, கூலிக்குத் தயாரிப்பவர் அட்டவணைக்கு உள்ளே. அதோடு ஓர் ஆலை பல பொருள் செய்தால், முக்கியப் பொருள் எதுவோ அதன் கணக்கில்தான் ஆலை முழுவதும் ஏறும். சர்க்கரை ஆலையின் எத்தனாலும் மின்சாரமும் சர்க்கரைத் தொழிலின் உற்பத்தியாகிவிடலாம்.

அப்புறம் எல்லை. கணக்கெடுப்பு, நாட்டுக்குள் உற்பத்தியாவதைத்தான் எண்ணுகிறது. வாங்குபவரோ இறக்குமதியையும் வாங்குகிறார். இரண்டு உள்நாட்டு நிறுவனங்கள் சரிபாதியாக இருந்தால் எச்.எச்.ஐ 5,000. ஆனால் நாட்டின் நுகர்வில் 60 சதவீதம் இறக்குமதி என்றால் அவற்றின் பங்கு தலா 20தான். ஆறு வெளிநாட்டு நிறுவனங்கள் தலா 10 கொண்டுவந்தால் மொத்தம் 1,400. இறக்குமதியை ஒரே கட்டியாக எண்ணினால் 4,400, எண்ணற்ற துகள்களாக எண்ணினால் 800. இறக்குமதி செய்பவரே அந்த இரண்டு உள்நாட்டு நிறுவனங்கள்தான் என்றால் மறுபடி 5,000. சுங்கத் தரவில் பொருளும் நாடும் இருக்கும். எந்த நிறுவனத்துக்கு யார் விற்றார் என்பது எளிதில் கிடைக்காது. மேரி அமிட்டி, செபாஸ்டியன் ஹைஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ரகசியத் தரவுகளை இணைத்து 1992 முதல் 2012 வரை இதைச் செய்து பார்த்தார்கள். உள்நாட்டு நிறுவனங்களை மட்டும் பார்த்தால் உற்பத்தித் துறையில் செறிவு ஏறியிருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் விற்பனையைச் சேர்த்ததும் அந்த ஏற்றம் மறைந்து கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. போயிங் 1997இல் மெக்டானல் டக்ளஸை எடுத்துக்கொண்ட பிறகு, பெரிய பயணி விமானம் செய்யும் அமெரிக்க நிறுவனம் என்று ஒன்றே ஒன்றுதான். அமெரிக்க எல்லைக்குள் நின்றால் ஏகபோகம், உலக அளவில் ஏர்பஸ்ஸோடு சேர்த்து இருவர்.

நாட்டு எல்லை சில தொழில்களுக்கு மிகச் சின்னது என்றால் சிலவற்றுக்கு மிகப் பெரியது. கலவைக் கான்கிரீட் கலந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டப்பட வேண்டிய பொருள், சிமெண்ட் எடைக்கு விலை குறைந்த பொருள். இவற்றுக்கு நாட்டுச் சந்தை என்று ஒன்று இல்லை, வட்டாரச் சந்தைகள்தான் உண்டு. சம அளவுள்ள இருபது வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தனி நிறுவனம் ஏகபோகமாக இருக்கிறது என்று வையுங்கள். நாட்டு அளவில் எச்.எச்.ஐ 500. இப்போது அந்த இருபதும் போய், நான்கு பெரிய நிறுவனங்கள் எல்லா வட்டாரத்திலும் சரிசமமாக நுழைகின்றன. நாட்டு எண் 500இலிருந்து 2,500க்குத் தாவுகிறது, தலைப்புச் செய்தி வருகிறது. ஆனால் வாங்குபவர் நிற்கிற வட்டாரத்தில் 10,000ஆக இருந்தது 2,500ஆக இறங்கியிருக்கிறது; அவருக்கு இப்போது நாலு பேரிடம் விலை கேட்க முடிகிறது. நாட்டு எண்ணும் வட்டார எண்ணும் எதிரெதிர்த் திசையில் போவது வெறும் கற்பனை இல்லை, அமெரிக்காவில் பல தொழில்களில் இப்படி நடந்திருப்பதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாட்டு எண்ணை அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்: அரசியல் செல்வாக்கு, வங்கிக் கடன், அரசுக் கொள்கை எல்லாம் நாட்டு அளவில்தான் நடக்கின்றன, அதற்கு அந்த 2,500 தான் சரியான எண்.

ஒவ்வொரு தொழிலுக்கும் எண் வந்துவிட்டது, இப்போது 'நாட்டின் உற்பத்தித் துறைக்கு' ஒரே எண் வேண்டும் என்பார்கள். தொழில்களின் மதிப்புக்கூட்டலை, அதாவது உற்பத்தியின் மதிப்பில் வெளியே வாங்கிய பொருள்களின் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதை, எடையாக வைத்துச் சராசரி எடுப்பது வழக்கம். இரண்டே தொழில்கள் உள்ள நாடு: ஒன்றில் எச்.எச்.ஐ 3,000, அதன் எடை 20 சதவீதம். இன்னொன்றில் 500, எடை 80. சராசரி 1,000. பத்தாண்டில் முதல் தொழில் வளர்ந்து எடை 40 ஆகிறது. சராசரி 1,500. எந்தத் தொழிலிலும் போட்டி இம்மியும் குறையவில்லை, நாடு ஆடை தைப்பதை விட்டு எஃகு உருக்கப் போனது, அவ்வளவுதான். தொழில்களுக்கு உள்ளே நடந்த மாற்றத்தையும் தொழில்களுக்கு இடையே நடந்த நகர்வையும் பிரித்துக் காட்டாத எந்த நாட்டுச் சராசரியையும் நான் நம்புவதில்லை. வளரும் நாடுகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், அங்கே தொழில்களின் கலவைதான் வேகமாக மாறும்.

தொழில்களைக் கணக்கில் எடுக்காமல், உற்பத்தித் துறை மொத்தத்தில் மிகப் பெரிய நூறு நிறுவனங்களின் பங்கு என்ன என்று நேராகக் கேட்பதும் உண்டு. பிரிட்டனில் எஸ்.ஜே. பிரைஸ் நீண்ட காலத்துக்கு இதைத் தொகுத்தார்: 1909இல் 16 சதவீதம், 1949இல் 22, 1970இல் 40ஐ ஒட்டி. பயமுறுத்தும் வளர்ச்சிதான். ஆலைகள் பெரிதானதால் இது நடக்கவில்லை என்பதை அவர் காட்டினார். நூறு பெரிய ஆலைகளின் பங்கு அவ்வளவாக மாறவில்லை, ஒரு நிறுவனத்தின் கீழ் இருக்கும் ஆலைகளின் எண்ணிக்கைதான் ஏறியது. பெரிய இயந்திரம் மலிவாகச் செய்கிறது, ஆகவே பெரிய நிறுவனம் தவிர்க்க முடியாதது என்ற வழக்கமான சமாதானத்துக்கு இது நேரடியான அடி.

பிரைஸ் இன்னொரு சங்கடமான விஷயத்தையும் முன்வைத்தார். அதன் மூலக் கருத்து ராபர்ட் ஷிப்ராவுடையது. 1931இல் இந்தப் பிரெஞ்சுப் பொறியாளர் சொன்னது: ஒரு நிறுவனத்தின் வளர்ச்சி விகிதம் அதன் அளவைச் சார்ந்திருக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், தற்செயல் மட்டுமே போதும், அளவுகள் விரிந்துகொண்டே போகும். சம அளவில் நூறு நிறுவனங்கள், எச்.எச்.ஐ 100. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டும் குருட்டாம்போக்கில் சுமார் 20 சதவீதம் ஏறியோ இறங்கியோ போகட்டும். யாரும் யாரையும் விழுங்கவில்லை, சதி இல்லை, திறமையும் இல்லை. இருபத்தைந்து ஆண்டில் குறியீடு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகியிருக்கும். ஆகவே செறிவு ஏறியிருப்பதைக் கண்டதும் 'யார் செய்தது?' என்று கேட்பதற்கு முன், யாரும் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமலேயே பெரும்பாலான கட்டுரைகள் குற்றவாளியைத் தேடக் கிளம்பிவிடுகின்றன, குற்றவாளி சில சமயம் உண்மையிலேயே இருந்தாலும்.

எண் சரியாக வந்துவிட்டாலும் அதற்கு என்ன அர்த்தம் என்பதில் அடிதடி ஓயவில்லை. ஜோ பெயின் 1951இல், முதல் எட்டு நிறுவனங்களின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டிய தொழில்களில் லாப விகிதம் கூடுதல் என்று காட்டினார். செறிவு என்றால் விலையை ஏற்றும் பலம் என்று ஒரு தலைமுறை அதைப் படித்தது. 1973இல் ஹரால்ட் டெம்செட்ஸ் கேட்டார்: திறமையான நிறுவனம் மலிவாகச் செய்து, அதனாலேயே பெரிதாகவும் லாபகரமாகவும் ஆனால், அதே தரவு அப்படியே வருமே? இதற்கு நல்ல பதில், தலைகள் மாறுகின்றனவா என்று பார்ப்பது. முதல் நான்கின் பங்கு இருபதாண்டுகளாக 60லேயே நிற்கிறது, ஆனால் அந்த நான்கும் வேறு வேறு பெயர்கள் என்றால், அது அதே நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் 60 இல்லை. ஆனால் பெயரை மறைத்து வெளியிடும் தரவில் இதைச் செய்யவே முடியாது. செறிவு மிக அதிகமாக இருக்கும் தொழில்களில் நிறுவனங்கள் சில மட்டுமே என்பதால், ரகசிய விதி அங்கேதான் முதலில் பாயும்; எதைப் பார்க்க ஆசையோ அந்தக் கட்டம்தான் காலியாக இருக்கும்.

இதெல்லாம் வேண்டாம், பங்கை விட்டுவிட்டு நேராக விலைக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியையே அளந்துவிடுவோம் என்று சமீப காலத்தில் பலர் கிளம்பியிருக்கிறார்கள். டி லோக்கர், ஏக்ஹவுட், உங்கர் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நிறுவனங்களின் விலை, கூடுதல் செலவைவிட, அதாவது இன்னும் ஒரு பொருள் செய்ய ஆகும் செலவைவிட, 1980இல் 21 சதவீதம் மேலே இருந்தது, 2016இல் 61 சதவீதம் மேலே போனது என்றார்கள். சந்தை எது, எல்லை எது என்ற தொல்லை இதில் இல்லை என்பது பெரிய கவர்ச்சி. இதற்கு மறுப்பும் வந்தது: விற்பனை, விளம்பர, நிர்வாகச் செலவுகளை நீங்கள் கூடுதல் செலவில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போகிறது என்று. ஒரு விளம்பரக் குழுவின் சம்பளம், உற்பத்தி ஏறினால் ஏறும் செலவா, ஏறாத செலவா? ஆண்டறிக்கை அதை ஒரே வரியில் போட்டுவிடுகிறது.